ஜூலையில் விழுந்த சந்தை

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பேசும்போதுதான் மனிதனுக்குக் குரல் கணீரென்று வரும். முழுசாகத் தெரிந்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படி உடனே சொல்லிட முடியாதுங்க, பார்க்கணும்" என்பார்கள். இருபத்தாறு வயதில் என் குரல் அவ்வளவு கணீரென்று இருந்தது. கேட்டவர்கள் நம்பிவிட்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அப்போது தாம்பரத்தில் வீட்டுக் கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் கிளையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். (பெயர் வேண்டாம். இன்றைக்கும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.) கடன் கேட்டு வருகிறவர்களிடம் பேசும் வேலையை எனக்குக் கொடுக்கவில்லை; அந்த அளவுக்கு மேலிடத்துக்குப் புத்தி இருந்தது. என் வேலை மாதாந்திர அறிக்கை தயாரிப்பது. இந்த மாதம் எத்தனை பேர் கடன் கேட்டார்கள், எத்தனை பேருக்கு அனுமதி கிடைத்தது, எத்தனை பேருக்குப் பணம் போனது, சுற்றுவட்டாரத்தில் வீடுகள் என்ன விலைக்குக் கைமாறின என்பதையெல்லாம் ஒரே தாளில் அடக்க வேண்டும். போன மாதத்தைவிடக் கூடியிருந்தால் பச்சை நிறத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு. குறைந்திருந்தால் சிவப்பு நிறத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு. அந்த அம்புகளைப் போடும்போது எனக்குள் ஓர் அதிகாரம் ஏறும் பாருங்கள், மாவட்ட ஆட்சியருக்குக்கூட அப்படி ஏறியிருக்காது.

அதுவரை நான் போட்டிருந்தது இரண்டே இரண்டு அறிக்கைகள். இரண்டிலும் பச்சை அம்பு. இந்தப் பெரும் அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் சந்தை நிபுணன் ஆகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் என்னைச் சூழ்ந்துகொள்வார்கள். "தம்பி, இப்ப வீடு வாங்கலாமா, இன்னும் பொறுக்கலாமா?" என்று கேட்பார்கள். நான் ஒரு நொடி வானத்தைப் பார்ப்பேன். பிறகு, "மார்க்கெட் இப்போ கொஞ்சம் சூடா இருக்கு ஆன்ட்டி. ஆறட்டும்" என்பேன். அவர்களும் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுப் போவார்கள். (போதகரின் பிரசங்கத்துக்கு அவ்வளவு தலைகள் ஆடி நான் பார்த்ததில்லை.)

என்னை நம்பியவர்களில் என் அக்காவும் ஒருத்தி என்பதுதான் இந்தக் கதையின் வேதனையான பகுதி.

எஸ்தர் அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். பள்ளியில் கணக்கு டீச்சர். சாமுவேல் அத்தானுக்கு ரயில்வேயில் வேலை. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அவர்களும் மகள் ஜெனியும் முடிச்சூரில் ஒரு தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அதற்குச் சில வருடம் முன்பு வந்த பெருவெள்ளத்தின்போது அத்தான் வெளியூரில். இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு தோளில் ஜெனியைத் தூக்கிக்கொண்டு, மறு கையால் வகுப்புப் பிள்ளைகளின் விடைத்தாள் கட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி வெளியே வந்தவள் அக்கா. பீரோவில் இருந்த நகையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். "நகை நனைஞ்சா காயும். விடைத்தாள் நனைஞ்சா பிள்ளைங்களுக்கு நான் என்ன மார்க்கு போடுறது?" என்று கேட்டாள். என் அக்காவைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஐப்பசி பிறந்தால் அந்த வீட்டில் ஒரு கலவரம் தொடங்கும். ஃபிரிட்ஜுக்குக் கீழே செங்கல் ஏறும். சான்றிதழ்கள் பாலித்தீன் பையில் சுற்றப்பட்டு மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில் தொங்கும். தூறல் போட்டாலே ஜெனி, "அம்மா, தண்ணி வருமா?" என்று கேட்பாள். அடுத்த மழைக்கு முன்னால் ஒரு மாடி வீட்டுக்குப் போயே தீர வேண்டும் என்று அவள் முடிவு கட்டியதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

பார்த்துப் பார்த்து, செம்பாக்கத்தில் ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு வீடு அமைந்தது. கன்னியப்பன் என்பவர் தம் குடும்பத்து நெல் வயல் இருந்த இடத்தில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் கட்டியிருந்தார். பக்கத்து வயல்களை எல்லோரும் விற்றுவிட்டு நகர்ந்தபோது, தானே நின்று கட்டி, தரகர் யாரும் இல்லாமல் தானே விற்கிறேன் என்று இறங்கிய மனிதர். இரண்டாவது மாடி வீடு அக்காவுக்குப் பிடித்துவிட்டது. ஜன்னலைத் திறந்து கீழே பார்த்து, தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று ஜெனி கையால் அளந்து காட்டினாள். விலை பேசி முடிந்தது. கடனுக்கும் எங்கள் கிளையிலேயே அனுமதி வாங்கியாகிவிட்டது. (என் மூலமாக அல்ல. அக்காவுக்கு அந்த அளவுக்கு முன்னெச்சரிக்கை இருந்தது.)

ஜூன் கடைசி வாரத்தில் கன்னியப்பன் ஃபோன் செய்து, "டீச்சரம்மா, ஆனி முடியறதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துடுங்க. அப்பால இழுத்துக்கினு போயிடும்" என்று சொன்னார். அக்கா என்னைக் கேட்டாள். அவள் கேட்டிருக்கக் கூடாது. நான் வானத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு மாசமா ஏறியிருக்குக்கா. ஏறினது இறங்கியே ஆகணும். ஒரே ஒரு மாசம் பொறு. ஜூலை அறிக்கை வரட்டும்."

"அவர் எதுக்கோ அவசரப்படுத்துறாரேடா."

"விக்கறவங்க எல்லாருமே அவசரப்படுத்துவாங்க. அது ஒரு டெக்னிக்" என்றேன். அந்த வார்த்தையை நான் உச்சரித்த விதம் இன்றும் என் காதில் இருக்கிறது. நினைத்தால் என்னையே ஓர் அறை அறையலாம் போலிருக்கிறது.

அக்கா பொறுத்தாள்.

ஆகஸ்ட் முதல் வாரம் ஜூலை அறிக்கையைத் தயாரித்தேன். கணினித் திரையில் கோடு சறுக்கு மரத்தில் குழந்தை இறங்குவதுபோல் இறங்கியது. கடன் கேட்டவர்கள் குறைவு. பணம் போனது அதைவிடக் குறைவு. ஜூனோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி! வாழ்க்கையில் முதல் முறையாகச் சிவப்பு அம்பு போட்டேன். என் மேலாளர் வட மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நான் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு உள்ளுக்குள் குதூகலித்தேன். சொன்னேன் அல்லவா, விழும் என்று!

அந்தச் சனிக்கிழமையே கன்னியப்பனைப் பார்த்து விலையைக் குறைக்கச் சொல்வதென்று கிளம்பினோம். அத்தானுக்கு டூட்டி. அக்கா, ஜெனி, நான். வரைபடத்தைக் கலரில் பெரிதாக அச்செடுத்திருந்தேன். கையில் கனம் இருந்தால்தான் மரியாதை என்பதால், அதோடு மூன்று வருடத்து மாதாந்திரத் தாள்களையும் கட்டாகச் சேர்த்துக்கொண்டேன். (அவற்றை நான் படித்ததில்லை. கனத்துக்காகத்தான்.) எல்லாவற்றையும் முந்தின நாள் சட்டை வாங்கிய ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டேன். சட்டையும் அதேதான் போட்டிருந்தேன்.

வழியில் ஓர் அம்மன் கோயில் வாசலில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி அலற, பெரிய பெரிய அண்டாக்களில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ நகரவில்லை. இறங்கிப் போய் ஒரு சொம்பு கூழும் இரண்டு பச்சை மிளகாயும் வாங்கிச் சாப்பிட்டேன். (இலவசம் என்று வந்துவிட்டால் எனக்கு மதபேதம் கிடையாது.) செம்பாக்கம் போய்ச் சேர்ந்தால், கன்னியப்பன் மொட்டைத் தலையில் சந்தனமும் நெற்றியில் விபூதியுமாக நின்றார். கிருத்திகைக்குக் குன்றத்தூர் முருகனிடம் போய்விட்டு வந்தாராம். ஒரு சாதாரண மனிதனுக்கு இவ்வளவு சாட்சிகள் போதும். நான் சந்தை நிபுணன் ஆயிற்றே, எனக்குப் போதவில்லை.

"வாங்க டீச்சரம்மா. பாப்பா, மோர் குடிக்கிறியா? இன்னா தம்பி, பையி நெறைய எடுத்தாந்துகீறீங்க?" என்று வரவேற்றார் கன்னியப்பன். அவர் மனைவி சரோஜா அக்கா பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டார். கட்டடத்தின் முன்பக்கத்தில் சாரத்தின் மேல் இரண்டு பேர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மார்க்கெட் டேட்டா சார்" என்று சொல்லி, பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வரைபடத்தை விரித்தேன். தொண்டையைச் செருமவில்லை. குரல் கணீரென்று வந்தது.

"இங்க பாருங்க சார். ஜூன்ல இங்க இருந்தது. ஜூலைல இங்க வந்துடுச்சு. ஒரே மாசத்துல பாதி. இது சாதாரண இறக்கம் இல்ல. சந்தை விழுந்துடுச்சு. இன்னும் ரெண்டு மாசத்துல வாங்க ஆளே இருக்காது. நீங்க இப்பவே விலையைக் குறைச்சுக் குடுத்தா உங்களுக்குத்தான் நல்லது. உங்க நன்மைக்காகத்தான் சொல்றேன்."

கன்னியப்பன் வரைபடத்தைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"பாதிதான் கொறஞ்சிதா?"

"பாதி சார்!"

"அவ்ளோதானா? முக்காவாசி கொறையுமே இந்த மாசத்துல. பரவால்லியே."

எனக்குப் புரியவில்லை. விழுந்த செய்தியைக் கேட்டு யாராவது பரவாயில்லை என்பார்களா? அதற்குள் சரோஜா அக்கா என் மடியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தப் பையில இன்னாமோ எழுதிகீதே. கொஞ்சம் படிங்க."

பையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை அகலச் சிவப்பு எழுத்துகளில் "ஆடி அதிரடித் தள்ளுபடி" என்று போட்டிருந்தது. முதல் சொல்லை வாய்விட்டுப் படித்தேன். இரண்டாவது சொல்லுக்குப் போக முடியவில்லை.

சாரத்தின் மேல் இருந்து ஒரு பிரஷ் கீழே விழுந்தது. பெயின்டர் ஒருவர் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, ஆபீசருக்கு ஆடி தெரியலண்ணே!" என்று மற்றவரிடம் சொன்னார். அந்த அண்ணன் இறங்கியே வந்துவிட்டார், என்னைக் கிட்டத்தில் பார்ப்பதற்காக.

விஷயம் இதுதான். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடி. எங்கள் பக்கத்தில் ஆடியில் யாரும் வீடு வாங்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள், பத்திரம் பதிய மாட்டார்கள், குடிபோக மாட்டார்கள். அதனால் ஆனியிலேயே எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு பதிந்துவிடுவார்கள். ஜூன் கோடு கூரையைத் தொடும். ஆடி பிறந்ததும் கோடு படுத்துக்கொள்ளும். ஆவணியில் எழுந்து உட்காரும். பதிவு அலுவலக வாசலில் டீ விற்கிறவருக்குத் தெரிந்த விஷயம் இது. அதை நான் சந்தையின் வீழ்ச்சி என்று கண்டுபிடித்து, கலரில் அச்செடுத்து, ஆடித் தள்ளுபடிச் சட்டை போட்டு, ஆடிக் கூழ் குடித்துவிட்டு வந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கடைசி முயற்சி செய்தேன். "நாங்க கிறிஸ்தவங்க சார். ஆடியெல்லாம் பாக்கறதில்ல."

"நீங்க பாக்காதீங்க தம்பி. மீதி ஊரு பாக்குதே" என்றார் கன்னியப்பன், கோபமே இல்லாமல்.

(மீதி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையிலும் ஆடியில் புது வீட்டுப் பிரதிஷ்டை ஜெபம் வைக்கத் தயங்குகிறவர்கள் உண்டு. கேட்டால், "அக்கம்பக்கத்துக்காரங்க வரமாட்டாங்க, அதான்" என்பார்கள்.)

சிரிப்பு அடங்கிய பிறகு கன்னியப்பன் சொன்னது சிரிக்கும்படி இல்லை. "டீச்சரம்மா, இதுக்குத்தான் ஆனியிலயே குடுத்துடுங்கன்னு தலபாடா சொன்னேன். ஆவணி மொத நாளு ரெண்டு பார்ட்டி வரேன்னு சொல்லிக்கினு கீறாங்க. ஒருத்தரு இதே ரெண்டாவது மாடிதான் வோணும்னு நிக்கிறாரு. வெலயும் கூட தரேன்றாரு. நான் இன்னா பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."

ஜெனி மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, அப்போ நமக்கு மாடி இல்லையா?" என்று கேட்டாள். கணீரென்ற என் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. மழைக்கு இரண்டரை மாதம்தான் இருந்தது. இனி வேறு வீடு தேடி, விலை பேசி, பத்திரம் பார்த்து முடிப்பதற்குள் ஃபிரிட்ஜுக்குக் கீழே மறுபடியும் செங்கல் ஏறிவிடும். எல்லாம் என் ஓர் அம்பால். அங்கேயே தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. அது புதிதாகப் போட்ட கான்கிரீட் தரை, பிளக்கவில்லை.

"அந்தக் கட்டைக் குடுடா" என்றாள் அக்கா.

மூன்று வருடத்துத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். வேகமாகப் புரட்டினாள். மூன்று ஜூலைகளையும் தேடியெடுத்து, என் வண்ண வரைபடத்தின் பின்பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள். பிறகு மூன்று ஜூன்களை. ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பெயின்டர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஜூலையை ஜூன் பக்கத்துல வச்சா எந்த வருஷமும் பள்ளம்தான்டா தெரியும். போன வருஷமும் பள்ளம். அதுக்கு முந்தின வருஷமும் பள்ளம். ஜூலையை ஜூலை பக்கத்துல வச்சுப் பாரு."

பார்த்தேன். போன ஜூலையைவிட இந்த ஜூலை அதிகம். அந்த ஜூலை, அதற்கு முந்தைய ஜூலையைவிட அதிகம். சந்தை விழவில்லை. அது பாட்டுக்குப் படியேறிக்கொண்டிருந்தது, ஆடியில் மட்டும் ஒரு படியில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு.

அக்கா என் சிவப்பு அம்பின் மேல் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். மூலையில் வட்டம் போட்டு மதிப்பெண் எழுதினாள். "பத்துக்கு ரெண்டு. அந்த ரெண்டும், கூட்டல் சரியா இருக்கிறதால."

அத்தோடு நிறுத்தியிருந்தால் அவள் நல்ல கணக்கு டீச்சர், அவ்வளவுதான். அடுத்து அவள் செய்ததை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. நேராகக் கன்னியப்பனைப் பார்த்துச் சொன்னாள்:

"அண்ணா, என் தம்பி சொன்னது தப்பு. சந்தை ஏறிக்கிட்டுதான் இருக்கு. இந்தத் தாள்லயே தெரியுது. நீங்க இப்ப விலையைக் கூட்டிக் கேட்டாலும் அது நியாயம்தான். ஆனா ஜூன்ல பேசின விலைக்கு மேல என்னால முடியாது. எனக்குக் கடன் அவ்வளவுதான் கிடைக்கும். உங்களால முடிஞ்சா குடுங்க. இல்லன்னா எங்களுக்கு வருத்தம்தான், கோவம் இல்ல. உங்க நேரத்தை வீணாக்கிட்டோம், மன்னிச்சுக்குங்க."

நான் பதறிவிட்டேன். வாங்க வந்தவள் விற்கிறவரிடமே விலை ஏறுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுவாளா? நாற்காலிக்குப் பின்னால் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தனக்குச் சாதகமில்லாத விடையாக இருந்தாலும் சரியான விடையைத்தான் எழுதுவேன் என்று உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளை அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறேன். கூடப் பிறந்து இருபத்தாறு வருடம் ஆகிறது!

கன்னியப்பன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். சரோஜா அக்காவைப் பார்த்தார். அந்த அம்மா ஜெனியைப் பார்த்துவிட்டு, கணவரைப் பார்த்து லேசாகக் கண்ணை மூடித் திறந்தார்.

"இத்தினி நாளா எத்தினியோ பேரு வந்துட்டாங்க" என்றார் கன்னியப்பன். "மார்க்கெட் டவுனு, வெல கொறைன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. ஏறுது, கூட கேளுன்னு வாங்க வந்தவங்களே சொல்லி இப்பத்தான் கேக்குறேன். ஆடியில நான் பணம் தொட மாட்டேன் டீச்சரம்மா. ஆனா வாய் வார்த்தைக்கு ஆடி கெடயாது. அதே வெல. ஆவணி மொத நாளு காத்தால வந்துடுங்க."

சரோஜா அக்கா சேர்த்துக்கொண்டார்: "வரும்போது இந்தத் தம்பியையும் கூட்டினு வாம்மா. வூட்ல சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

ஆவணி பிறக்க இரண்டு வாரம் இருந்தது. "ஒரு தாள்லயாவது எழுதி வாங்கியிருக்கலாமேக்கா, அவர் மனசு மாறிட்டா?" என்று தினமும் கேட்டேன். அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டே, "நான் சொன்னதை அவர் எழுதி வாங்கிக்கிட்டாரா? இல்லல்ல? அப்புறம் என்ன?" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

ஆவணி முதல் நாள் காலை ஏழு மணிக்கெல்லாம் செம்பாக்கத்தில் இருந்தோம். எங்களுக்கு முன்னால் அங்கே ஒரு வெள்ளைக் கார் நின்றது. நல்ல உத்தியோகத்தில் இருக்கும் ஓர் இளம் தம்பதி. அந்த மனிதர் கன்னியப்பனிடம் பேசிக்கொண்டிருந்தார். எவ்வளவு கூடத் தருவதாகச் சொன்னார் என்பதும் என் காதில் விழுந்தது. என் ஒன்றரை வருடச் சம்பளம். அக்கா ஜெனியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

கன்னியப்பன் எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். "சாரி சார். ரெண்டாவது மாடி குடுத்தாச்சு. இதோ, இந்த டீச்சரம்மாவுக்கு."

"எப்ப சார்? நேத்து வரைக்கும் அட்வான்ஸே வாங்கலைன்னீங்களே!"

"அட்வான்ஸு இன்னும் வாங்கல. இப்பத்தான் வாங்கப் போறேன். குடுத்தது ஆடியில" என்றார்.

அக்கா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. வெள்ளத்தில்கூட அவள் அழவில்லை. அன்றைக்கு முன்பணத்தைத் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுக்கும்போது கண் கலங்கிவிட்டது. கன்னியப்பன் அதைப் பார்க்காததுபோல் பெயின்டர்களை அதட்டப் போய்விட்டார். அந்த மனிதரைப்போல் நாணயமான ஒருவரை இத்தனை வருடத்தில் என் தொழிலில் நான் பார்த்ததே இல்லை. அவரிடம் போய்த்தான் "உங்க நன்மைக்காகச் சொல்றேன்" என்று கிராஃப் காட்டியிருக்கிறேன்.

அலுவலகக் கதையும் பாக்கி இருக்கிறது. ஆவணியில் பச்சை அம்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. மேலாளர் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். அரை மணி நேரம் ஆடி மாதத்தைப் பற்றி ஆங்கிலத்திலும் சைகையிலும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க ஊர்லயும் இப்படி ஒரு மாசம் உண்டே! இதை ஏன் போன மாசமே சொல்லல?" என்று கேட்டார். அன்றிலிருந்து அறிக்கையில் போன வருடத்தின் அதே மாதத்துக்கென்று தனியாக ஒரு கட்டம் போடுகிறேன். அது என் சொந்த யோசனை என்று தலைமை அலுவலகம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. (நான் மறுக்கவில்லை.)

அக்கா ஐப்பசி பிறப்பதற்கு முன்பே குடிபோய்விட்டாள். அந்த வருடம் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான் அப்போது முடிச்சூர் சாலையில் ஒரு தரைத்தள அறையில் இருந்தேன். மூன்றாம் நாள் காலை கண் விழித்தபோது என் செருப்பு கட்டிலுக்குப் பக்கத்தில் மிதந்து வந்து என்னைப் பார்த்தது. பேன்ட்டைத் தொடை வரை சுருட்டிக்கொண்டு, அலுவலக மடிக்கணினியைத் தலையில் வைத்துக்கொண்டு, பாதி நடந்தும் பாதி ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டும் செம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். இரண்டு மாடி ஏறிக் கதவைத் தட்டினேன். ஜெனி திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் கத்தினாள்:

"அம்மா! ஜூலை மாமா வந்திருக்காங்க! தண்ணி அவங்க வீட்டுக்குப் போயிடுச்சாம்!"

அந்தப் பெயர் அன்று பிறந்தது. வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் முகத்தில் பயம் துளிகூட இல்லை. தண்ணீர் வருமா என்று அவள் கேட்கவே இல்லை. அக்கா துண்டை எடுத்து வந்து, "போன மழையோட ஒப்பிட்டுப் பார்த்தியாடா, கூடவா குறைவா?" என்று கேட்டாள். நான்கு நாள் அங்கே தங்கினேன். நான்கு நாளும் மூன்று வேளையும் இதே கேள்விதான் பரிமாறப்பட்டது.

இப்போது ஜெனி கல்லூரி முடிக்கப் போகிறாள். அவள் கைபேசியில் என் பெயர் "ஜூலை மாமா". அவளுடைய தோழிகளுக்கு என் நிஜப்பெயர் எட்வின் என்பது தெரியாது. என் திருமணத்தன்று மணப்பெண்ணிடம் அத்தான் பேசிய ஒரே வாக்கியம், "இவன் ஜூலையில எது சொன்னாலும் கேட்டுக்காதம்மா" என்பது. நான் வீட்டில் எதைப் பற்றிக் கருத்துச் சொன்னாலும், மாம்பழ விலையானாலும் ஜெனியின் மார்க்கானாலும், யாராவது ஒருவர் சரோஜா அக்காவின் குரலில், "அந்தப் பையில இன்னாமோ எழுதிகீதே" என்பார்கள்.

நான் இன்று அந்தக் கிளையின் மேலாளர். ஒவ்வொரு வருடமும் ஆடி பிறக்கும் அன்று கிளை காலியாக இருக்கும். நாற்காலிகள் ஆளில்லாமல் கிடக்கும். பதினோரு மணி சுமாருக்கு என் கைபேசி அடிக்கும். எடுத்தால் அக்கா.

"என்னடா, சந்தை விழுந்துடுச்சா?"

"விழுந்துடுச்சுக்கா."

"சரி, சாப்பிட வந்துடு" என்பாள்.